பன்னிரண்டாவது புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெயர்கள்

பதினொரு பெரிய புத்தகங்கள் எழுதி, கடைசிப் புத்தகத்தை முடிக்குமுன்பே அமெரிக்க நாவலாசிரியர் ரொபேர்ட் ஜோர்டன் இறந்துபோனார். கதையின் பெயர் ‘வீல் ஒஃப் ரைம்’, அதாவது காலச் சக்கரம். மந்திரமும் போரும் வரும் நீண்ட ஆங்கிலக் கதை. முதல் புத்தகமான ‘த ஐ ஒஃப் த வேர்ல்ட்’ 1990 இல் வந்தது. பதினோராவதான ‘நைஃப் ஒஃப் ட்ரீம்ஸ்’ 2005 இல் வந்தது. அடுத்த ஆண்டு தனக்கு அமிலோயிடோசிஸ் என்ற அரிய நோய் வந்து இருதயத்தைப் பாதித்திருக்கிறது என்று வாசகர்களுக்கு அவரே அறிவித்தார். 2007 செப்டெம்பர் 16 இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

மிச்சத்தை எழுதி முடித்தவர் பிராண்டன் சாண்டர்சன். அது சரியா, பிழையா என்று எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகப் பெரிய வாக்குவாதம். பெரியக்காவின் மகன் உயர்தரம் படிக்கிறான். என்னுடைய அலுமாரியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் பதினோராவது வரை வாசித்துவிட்டான். பன்னிரண்டாவதைத் தொடமாட்டேன் என்கிறான். “அந்த மனுசன் செத்ததோட கதையும் முடிஞ்சுது சித்தி. பிறகு வந்தது வேற ஆளின்ர கதை” என்பது அவனுடைய கட்சி. அவனுக்கு வாயால் சொல்லிப் பார்த்தேன், கேட்கிறான் இல்லை. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இந்தப் புத்தகங்கள் வன்னியில் எங்கள் ஊரான முள்ளியவளைக்கு வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். முகாமில் இருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலில் இருந்து, பிறகு வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போட்ட காலத்தில் கனடாவில் இருக்கும் சின்ன மாமா ஒரு கார்கோ பெட்டி அனுப்பினார். உடுப்பு, பால்மா, சொக்கிலேற், சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் அடியில் புத்தகங்கள் இருந்தன. நான் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி வாங்கியிருக்கிறார். முதல் பதினொன்றும் சின்ன அளவு, மட்டையட்டை, சிலவற்றில் முன்னர் வைத்திருந்தவரின் பெயர். எட்டாவது மட்டும் இல்லை. அதைப் பிறகு கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். பன்னிரண்டாவது பெரிய அளவு, கெட்டி அட்டை, மற்றவற்றோடு ஒரே தட்டில் நிற்காது. அலுமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்திருந்தேன். கறையான் ஏறாத இடமும் அதுதான்.

அந்தப் பன்னிரண்டாவதின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஜோர்டன் இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். 2007 இலும் அதற்குப் பிந்திய இரண்டு வருடங்களிலும் வன்னிக்குள் இருந்த ஒருவருக்கு அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியர் செத்த செய்தி வந்துசேர வழியே இல்லை. ‘த கேதரிங் ஸ்ரோம்’ என்ற அந்தப் புத்தகம் வெளியானது 2009 ஒக்டோபரில். அப்போது நாங்கள் செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தோம். முன்னுரையில் சாண்டர்சன் எழுதியிருந்ததை வாசித்துத்தான் நடந்ததை அறிந்தேன். ஆளையே முன்பின் தெரியாத எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை.

அக்காவின் மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஜோர்டன் வியட்நாமில் இரண்டு தவணை ஹெலிகொப்ரரில் துப்பாக்கிக்காரராக இருந்தவர். அவர் எழுதிய சண்டைகளில் யார் வெல்கிறார்கள் என்பது சண்டைக்குள் நிற்பவனுக்குத் தெரியாது. புகை, சத்தம், பக்கத்தில் நின்றவனைக் காணவில்லை, அவ்வளவுதான். சண்டை முடிந்த பிறகு வரும் பக்கங்கள்தான் அவரிடம் பெரிது. கதாநாயகன் ராண்ட் தனக்காகச் செத்த பெண்களின் பெயர்களை ஒரு பட்டியலாக மனதுக்குள் வைத்திருப்பான். நித்திரை வராத இரவுகளில் அதைத் தொடக்கத்தில் இருந்து சொல்லிப்பார்ப்பான். புதிதாக ஒருத்தி செத்தால் கடைசியில் ஒரு பெயர் கூடும். ஒரு பெயரையும் விடக்கூடாது என்று தன்னையே வதைப்பான். பறக்கும் பல்லியும் மந்திர வாளும் வரும் கதை என்று சொல்லி ஒதுக்குகிறவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான். எங்கள் ஊரில் அப்படிப் பட்டியல் சொல்லும் அம்மாமாரை நான் தினமும் பார்க்கிறேன்.

சாண்டர்சன் போருக்குப் போனவர் இல்லை. 1975 இல் பிறந்தவர். இந்த வேலை கைக்கு வந்தபோது முப்பத்திரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை. கடைசிப் புத்தகத்தில் ‘த லாஸ்ற் பற்றில்’ என்ற ஒரே அத்தியாயம் தனி நாவல் அளவுக்கு நீளம். அதை நான் இரவிரவாக வாசித்தேன். எந்தப் படை எந்தக் கரையில் நிற்கிறது, ஆற்றை யார் மறிக்கிறார்கள், எந்தத் தளபதியின் புத்தி எப்படிக் கெடுக்கப்படுகிறது என்பதெல்லாம் தெளிவாக விளங்கும். அப்படித் தெளிவாக விளங்கியதுதான் எனக்குக் குறை. மேலே நின்று பார்க்கிறவரின் சண்டை அது. ஜோர்டன் எழுதியிருந்தால் எங்களை அணைக்கட்டுக்குப் பின்னால் குப்புறப் படுக்கவைத்திருப்பார். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

அப்படியிருந்தும் நான் சாண்டர்சன் பக்கம்தான் நிற்கிறேன். ஏன் என்று சொல்ல ஜோர்டனின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹரியட் மக்டூகல் வெறும் மனைவி இல்லை. முதல் புத்தகத்தில் இருந்தே இந்தக் கதையின் பதிப்பாசிரியர் அவர்தான். புருசன் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் வாசித்து, இது நீளம், இது விளங்கவில்லை, இவள் இப்படிக் கதைக்கமாட்டாள் என்று திருத்தியவர். ஜோர்டன் இறந்த பிறகு சாண்டர்சன் தன் இணையத்தளத்தில் ஒரு அஞ்சலி எழுதியிருந்தார். யாரோ அதை ஹரியட்டின் கண்ணில் படவைத்தார்கள். அப்போது சாண்டர்சன் சில புத்தகங்கள் மட்டும் எழுதியிருந்த இளம் எழுத்தாளர். பதினைந்து வயதளவில் ‘த ஐ ஒஃப் த வேர்ல்ட்’ வாசித்து அதன் பின்னாலேயே வளர்ந்தவர். ஹரியட் அவருடைய ‘மிஸ்ற்போர்ன்’ நாவலை எடுத்து வாசித்துப் பார்த்தார், பிறகு கேட்டார். 2007 டிசம்பரில் அறிவிப்பு வந்தது.

ஜோர்டன் வெறுங்கையோடு விட்டுப்போகவில்லை. எழுதி முடித்த சில காட்சிகள், குறிப்புகள், கடைசி வாரங்களில் வீட்டாருக்கு வாயால் சொல்லிப் பதிவான கதை என்று கொஞ்சம் இருந்தது. முக்கியமாக, கதையின் இறுதிக் காட்சியை அவரே எழுதிவைத்திருந்தார். சாள்ஸ்ரனில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளிலேயே சாண்டர்சன் முடிவைத்தான் கேட்டு வாங்கி வாசித்தாராம். பல வருடம் காத்திருந்த வாசகன் வேறு எதைக் கேட்பான்? பிறகு தொடக்கத்துக்கு வந்து, அந்த முடிவுக்குக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியை எழுதினார். ஜோர்டனோடு பல வருடம் வேலை செய்த மரியா சைமன்ஸ், அலன் ரொமான்சுக் இருவரும் பக்கத்தில் இருந்து யாருடைய கண் என்ன நிறம், எந்தக் குதிரை எந்த ஊரில் நிற்கிறது என்று சரிபார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஹரியட். முதல் பதினொன்றையும் திருத்திய அதே பேனைதான் கடைசி மூன்றையும் திருத்தியது.

ஜோர்டன் கடைசிப் புத்தகம் ஒன்றுதான், எவ்வளவு பாரமானாலும் ஒன்றாகவே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அது நடக்கவில்லை. மூன்றாகப் பிரித்தார்கள்: 2009 இல் ‘த கேதரிங் ஸ்ரோம்’, 2010 இல் ‘ரவர்ஸ் ஒஃப் மிட்நைற்’, 2013 ஜனவரியில் ‘எ மெமரி ஒஃப் லைற்’. காசுக்காக இழுத்தார்கள் என்று அக்காவின் மகன் சொல்கிறான். மூன்றையும் தூக்கிப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டான்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய விசயம் இல்லை. கல்கி 1954 டிசம்பர் 5 இல் இறந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். கல்கியின் நாவல் என்றுதான் அதை வாசிக்கிறோம். ‘பொன்னியின் செல்வன்’ வேறு கதை. அது கல்கியே முடித்தது. அதில் இருந்து தொடங்கி விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அது அபிமானத்தில் பிறந்த தனி நாவல், பிடித்தால் வாசிக்கலாம், விட்டாலும் ஒன்றுமில்லை. ஆனந்தி செய்த வேலைதான் சாண்டர்சன் செய்தது. வித்தியாசம் என்னவென்றால், ஆனந்தி வீட்டுப் பிள்ளை. சாண்டர்சன் ஒரு வாசகன். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஹரியட் தேவைப்பட்டார்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். அம்மப்பா கோவலன் கூத்தைப் பழக்கி ஆடவைக்கும் அண்ணாவியாராக இருந்தவர். முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கத்தில் அந்தக் கூத்து என்றால் ஊரே விடியவிடிய இருக்கும். பாட்டு முழுவதையும் சீ.ஆர். கொப்பிகளில் எழுதி, உரப்பையில் சுற்றி வைத்திருந்தார். 2009 இல் இடம்பெயர்ந்து போன வழியில் கொப்பிகள் போய்விட்டன. அம்மப்பாவும் திரும்பி வரவில்லை. ஊர் திரும்பிய பிறகு பழகிய ஆட்கள் ஒன்றாக இருந்து ஞாபகத்தில் இருந்து எழுதினார்கள். மாதவி வேசம் கட்டியவர் தன் பாட்டைச் சொன்னார், பிற்பாட்டுக்காரர் எல்லோருடையதிலும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னார். தட்டான் சிலம்பைப் பார்க்கும் இடத்தில் மட்டும் நாலைந்து பாட்டு ஒருவருக்கும் வரவில்லை. அந்த வேசம் கட்டியவரும் இல்லை.

அந்த இடத்தை வசனத்தில் சொல்லிவிட்டுப் போவோம் என்றார்கள் சிலர். அம்மப்பாவிடம் பழகிய ஒருவர்தான் இப்போது அண்ணாவியார். அவர் அம்மம்மாவிடம் வந்து, “ஆச்சி, நான் கட்டட்டோ?” என்று கேட்டார். அம்மம்மா பாட்டுப் படித்தவர் இல்லை. ஆனால் அறுபது வருடம் அந்தப் பாட்டு வீட்டுக்குள் கேட்டவர். அண்ணாவியார் கட்டிக்கொண்டு வந்ததை அம்மம்மா விறாந்தையில் இருந்து கேட்டார். ஒரு இடத்தில் கையைக் காட்டி, “தட்டான் இவ்வளவு கதைக்கமாட்டான் தம்பி, அவன் களவெடுத்தவன்” என்றார். அவர் அதைச் சுருக்கினார். மெட்டு பழைய மெட்டுத்தான். சொல் அவருடையது, குரலும் அவருடையது. அம்மப்பாவைப் போல இழுத்துப் பாட அவர் முயலவே இல்லை. இன்று அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதை யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

சாண்டர்சனும் ஜோர்டனைப் போல எழுதிக்காட்ட முயலவில்லை. தன்னால் அது ஏலாது, போலிசெய்தால் கெட்டுவிடும் என்று தொடக்கத்திலேயே வெளியாகச் சொல்லிவிட்டார். ஜோர்டன் ஒரு பெண் அறைக்குள் வந்தால் அவள் சட்டையின் தையலில் இருந்து தொடங்குவார். கதையில் வரும் நைனீவ் என்ற பெண் கோபத்தில் தன் பின்னலைப் பிடித்து இழுப்பதை எத்தனை தடவை எழுதினார் என்று கணக்கே இல்லை. பத்தாவது புத்தகத்தில் கதை நகரவே மறுக்கும். எனக்கு அந்த நடையில் விருப்பம், ஆனால் பொறுமை வேண்டும். சாண்டர்சன் வந்ததும் வேகம் மாறிவிடும். வசனம் கட்டையாகும், காட்சிகள் சட்டென்று வெட்டப்படும், ஆட்கள் மனதில் நினைப்பதை நேரே சொல்லிவிடுவார்கள். முதல் ஐம்பது பக்கம் காதில் இடறும். பிறகு ஆட்கள் அதே ஆட்கள் என்று தெரியவரும்.

மற் ஒருவனைத் தவிர. சூதாடி, வாய்க்காரன், தான் நல்லவன் இல்லை என்று தானே நம்பிக்கொண்டு எல்லோரையும் காப்பாற்றுகிறவன். ஜோர்டனின் மற் பகிடி விடமாட்டான். அவன் முழு அக்கறையாக நினைக்கும் விசயம் வாசிக்கிற எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ‘த கேதரிங் ஸ்ரோம்’ இல் அவனே பகிடிக்காரனாகிவிட்டான். ஒரு ஊருக்குள் வேவு பார்க்கப் போக, கூட வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பொய் வாழ்க்கை வரலாறு பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பான். மற் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அது தனக்குச் சரியாக வரவில்லை என்று சாண்டர்சனே பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த புத்தகத்தில் மற் கொஞ்சம் தன் நிலைக்குத் திரும்புவான். ஆனாலும் பழைய மற் இல்லை.

பேடன் ஃபெய்ன் விசயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. முதல் புத்தகத்தில் ஊருக்குள் வண்டியில் சாமான் விற்க வருகிறவனாக நுழைந்து, புத்தகம் புத்தகமாகப் பயங்கரம் கூடிக்கொண்டு வந்த ஒருவனைக் கடைசியில் ஓரிரு பக்கங்களில் முடித்துவிட்டார்கள். அத்தனை வருடம் அவனுக்குப் பயந்த வாசகருக்கு அது போதாது.

சரி, இனி அக்காவின் மகனுக்காக இரண்டே இரண்டு காட்சிகள். அவன் இன்னும் வாசிக்காததால் முழுதாகச் சொல்லமாட்டேன். முடிவு தெரியவேண்டாம் என்கிறவர்கள் அடுத்த இரண்டு பந்திகளைத் தாண்டிப் போகலாம்.

‘த கேதரிங் ஸ்ரோம்’ முடியும் இடத்தில் ராண்ட் ஒரு மலை உச்சியில் தனியே நிற்கிறான். உள்ளுக்குள் எல்லாம் இறுகிப் போய்விட்டது. கையில் உலகத்தையே அழிக்கக்கூடிய பலம் இருக்கிறது. பிறந்து பிறந்து இதையே பட வேண்டும் என்றால் இந்தச் சக்கரம் ஏன் சுற்ற வேண்டும், எல்லாவற்றையும் இன்றோடு முடித்துவிட்டால் என்ன என்று கேட்கிறான். திரும்பப் பிறந்தால்தான் திரும்ப நேசிக்கக் கிடைக்கும் என்ற எண்ணம் அவனுக்கு வருகிறது. அவ்வளவுதான் பதில். நான் அதை வாசித்தபோது வீட்டுச் சுவருக்குப் பூச்சுக்கூடப் பூசியிருக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, திரும்பவும் அந்தப் பக்கங்களை வாசித்தேன். ஜோர்டன் தொடங்கிய அந்தப் பெயர்ப் பட்டியலின் பாரத்தைத் தெரியாத ஒருவரால் அதை எழுதியிருக்க முடியாது.

மற்றது, கடைசிப் பக்கங்கள். அதில் ராண்ட் ஒரு சுங்கானை நெருப்பில்லாமல் பற்றவைப்பான். அவனால் அப்போது அது முடியக்கூடாது, ஆனால் பற்றும். எப்படி என்று கதையில் விளக்கம் இல்லை. ஜோர்டன் எழுதிவைத்த காட்சி அது. வாசகர்கள் சாண்டர்சனைக் கேட்டுக்கேட்டுக் களைத்துப் போனார்கள். அவரும் ஜோர்டன் விட்டபடியே விட்டிருக்கிறார். ஆயிரக்கணக்கான பக்கம் எழுதிய ஒருவருக்கு அந்த இடத்தில் ஒரு காரணத்தைச் செருகுவது லேசான வேலை. அவர் செருகவில்லை. அவரை நான் மதிப்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

இதே கதை 2021 இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. மூன்று பருவம் ஓடியது, 2025 மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். கதையின் பாதிகூட வரவில்லை. நடிகர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் உயிரோடு இருக்க அது நின்றது. எழுதியவர் செத்துப்போன புத்தகம் முடிந்துவிட்டது. ஹரியட் என்ற ஒருவர் தன் துக்கத்தோடு துக்கமாக இருந்து ஆள் தேடி, வந்த ஆளின் எழுத்தை வரி வரியாக வாசித்திருக்காவிட்டால், என் அலுமாரியில் பதினொரு புத்தகமும் ஒரு பட்டியலும் மட்டும் இருந்திருக்கும். அப்படியே விட்டிருந்தால் ஜோர்டனுக்கு மரியாதை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவரே கடைசி வாரங்களில் மூச்சு வாங்க வாங்க இருந்து கதையைச் சொன்னவர். யாராவது எழுதவேண்டும் என்பதற்காகத்தானே சொன்னார்.

பெறாமகனே, பன்னிரண்டாவது மேல்தட்டில் படுத்திருக்கிறது. பாரம், இரண்டு கையாலும் எடு. முதல் ஐம்பது பக்கத்துக்கு என்னோடு சண்டைக்கு வராதே. மற் பற்றி நீ சொல்லப்போவது எல்லாம் சரிதான், அதை நான் இப்போதே ஒத்துக்கொள்கிறேன். மலைக் காட்சி முடிந்த பிறகு வந்து கதை.